மறுமுனையில் பேசுவது யார்?

பகல் இரண்டு மணி. சமையல் முடிந்து, ளுஹரும் தொழுது, சற்றுத் தலையைச் சாய்க்கலாம் என்று நினைக்கும் நேரம். கைத்தொலைபேசி மணியடிக்கிறது. திரையில் பெயர் இல்லை, இலக்கம் மட்டுமே தெரிகிறது. எடுப்பீர்களா, விட்டுவிடுவீர்களா?

நம்மில் பலர் எடுத்துவிடுவோம். கணவர் வெளிநாட்டில், மகன் டியூஷன் வகுப்பில், உம்மா ஊரில் சுகமில்லாமல் என்று எந்நேரமும் யாரையாவது நினைத்துக் கொண்டிருக்கும் மனம் நமக்கு. மோசடிக்காரர்களுக்கு வேண்டியதும் அந்த மனம்தான்.

எனக்கு நன்கு தெரிந்த சகோதரி ஒருவர். கணவர் கட்டாரில் தொழில். அப்படியொரு பகலில்தான் அவருக்கும் வட்ஸ்அப்பில் அழைப்பு வந்தது.

"அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தா, நான் நானாட ரூம்ல இருக்கிற ஆள் பேசுறன்."

"வஅலைக்கும் ஸலாம். தோஹால இருந்தா தம்பி?"

"ஓம் ராத்தா, தோஹால இருந்துதான். பயப்படாதீங்க. நானா வேல செய்யிற எடத்துல உழுந்துட்டாரு. ஆஸ்பத்திரியில காசு கட்டணும். போன வெக்காதீங்க."

சீட்டுக் காசு எண்பத்தையாயிரம் ரூபா அலுமாரியில் இருந்தது. மகளின் பரீட்சை வகுப்புக்கும் வீட்டுக் கூரைக்கும் என்று ஒதுக்கியது. அவன் சொன்ன கணக்கிலக்கத்துக்கு, அவன் பேச்சைக் காதில் வைத்தபடியே, சந்தியில் இருந்த இயந்திரத்தில் வைப்புச் செய்துவிட்டு வந்தார். வீட்டு வாசலில் கால் வைத்தபோது கணவர் அழைத்தார், வழமைபோல, மதிய இடைவேளையில். "சாப்பிட்டாச்சா?" என்று கேட்டாராம்.

இந்த உரையாடலை ஒருமுறை திரும்பப் படியுங்கள் சகோதரிகளே. "தோஹா" என்ற சொல்லை முதலில் சொன்னது யார்? அவனா, ராத்தாவா? அவனுக்குத் தெரிந்திருந்தது ஒன்றுமில்லை. நம் பகுதிகளில் எந்த வீட்டை அழைத்தாலும் வெளிநாட்டில் ஒரு நானா இருக்க வாய்ப்புண்டு. மிச்சத்தை நாமே எடுத்துக் கொடுக்கிறோம். ஸலாம் சொல்லி, ராத்தா என்று அழைத்து, ஒரு பெயரும் சொல்லாமல் பேச்சைத் தொடங்குபவரிடம் "எந்த நானா? பேரச் சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். உண்மையான ஆள் பெயரைச் சொல்வார். மற்றவன் சுற்றி வளைப்பான்.

"போனை வைக்காதீங்க" என்று சொல்வதற்கும் காரணம் உண்டு. வைத்தால் நீங்கள் கணவரை அழைப்பீர்கள், அத்தோடு அவன் வேலை முடிந்தது. ஆகவே அவசரம் என்று எவ்வளவு சொல்கிறானோ அவ்வளவு விரைவாக அழைப்பைத் துண்டியுங்கள். மரியாதைக் குறைவு என்று எண்ண வேண்டாம். மெய்யாகவே ஆஸ்பத்திரியில் இருந்து பேசுபவர் மறுபடியும் அழைப்பார். வந்த செய்தியைத் தீர விசாரிப்பது நம் மார்க்கம் வலியுறுத்தும் ஒன்று என்பதையும் நான் சொல்லத் தேவையில்லை.

இனி இலக்கத்துக்கு வருவோம். அந்தச் சகோதரிக்கு வந்த இலக்கம் 07 என்று தொடங்கியது. கட்டாரின் நாட்டுக் குறியீடு 974. சவூதி 966, குவைத் 965, ஐக்கிய அரபு இராச்சியம் 971, மாலைதீவு 960. நமது நாட்டுக்கு 94. இவற்றைப் பிள்ளைகளைக் கொண்டு ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வையுங்கள். உள்நாட்டு நிலைத் தொலைபேசி என்றால் 011 கொழும்பு, 081 கண்டி, 065 மட்டக்களப்பு, 067 கல்முனை. ஆனால் இது இலக்கம் எங்கே பதியப்பட்டது என்பதை மட்டுமே சொல்லும், பேசும் ஆளைச் சொல்லாது. அதுமட்டுமல்ல, இணையத்தின் வழியாக அழைப்பவர்கள் திரையில் வேறோர் இலக்கம் தோன்றும்படி செய்யவும் முடியும். வங்கி இலக்கமே தெரிந்தாலும் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சிட்டுள்ள இலக்கத்துக்கு நீங்களாகவே அழையுங்கள். அதைவிட நிச்சயமான வழி எனக்குத் தெரியாது.

ஒரே ஒரு மணி அடித்து நின்றுவிடும் வெளிநாட்டு அழைப்புகளும் உண்டு. 216 துனீசியா, 252 சோமாலியா என்று நமக்குச் சம்பந்தமே இல்லாத நாடுகளின் குறியீடுகள் தெரியும். பாவம், யாரோ என்று திருப்பி அழைத்தால் உயர்ந்த கட்டணம் கழியும், அதில் ஒரு பங்கு அவர்களுக்குப் போகும். ஜப்பானியர் இதற்கு 'வன்கிரி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். திருப்பி அழைக்காதீர்கள், அவ்வளவுதான்.

"ட்ரூகொலர் இருக்கிறதே, பெயர் வருமே" என்பீர்கள். 2009ஆம் ஆண்டு சுவீடனில் தொடங்கப்பட்ட அந்தச் செயலி பயனுள்ளதுதான். பலர் முறைப்பாடு செய்த இலக்கம் சிவப்பு நிறத்தில் வரும்போது எடுக்காமல் விடலாம். ஆனால் அது அரசாங்கப் பதிவேடு அல்ல. பயன்படுத்துவோர் கொடுத்த பெயர்களே அங்கே தெரிகின்றன. மோசடிக்காரன் தன்னை ஏதோவொரு வங்கி என்று பதிந்துகொள்ளத் தடையில்லை. அதே வழியில் உங்கள் பெயரும் முன்பின் தெரியாத ஆண்களின் திரையில் தோன்றலாம் என்பதைப் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும். வேண்டாமென்றால், கணக்கை மூடிவிட்டு அவர்களது இணையத்தளத்தில் இலக்கத்தை நீக்கும்படி கோரலாம். வட்ஸ்அப்பில் தெரியாதோரின் அழைப்புகளை மௌனமாக்கும் வசதி 2023 முதல் இருக்கிறது. அமைப்புகளில் தனியுரிமை, அதில் அழைப்புகள் என்று போய்ப் பாருங்கள். மணியடிக்காது, ஆனால் அழைத்த இலக்கம் பதிவில் இருக்கும்.

தெரியாத இலக்கத்தைவிட, தெரிந்த இலக்கம்தான் எனக்கு அதிகம் பயம். மதினியின் வட்ஸ்அப்பில் இருந்து செய்தி வரும்: "தங்கச்சி, உங்கட போனுக்கு ஆறு இலக்கம் ஒண்டு தவறி வந்திருக்கு, அத அனுப்புங்க." பயான் குழுவில் சேர்ப்பதற்கு என்றும் சொல்வார்கள். அந்த ஆறு இலக்கம் உங்கள் வட்ஸ்அப்பின் சாவி. மதினியின் கணக்கு ஏற்கெனவே பறிபோய்விட்டது, அடுத்தது உங்களுடையது, அதன் பிறகு உங்கள் பெயரால் சாச்சியிடமும் மாமியிடமும் கடன் கேட்பார்கள். அப்படிப் பறிபோனால், வட்ஸ்அப்பை மறுபடி நிறுவி உங்கள் இலக்கத்தைப் பதிந்து புதிய ஆறு இலக்கத்தைக் கொடுங்கள், திருடன் வெளியேற்றப்படுவான். அவன் இரகசிய இலக்கம் போட்டிருந்தால் நீங்கள் நுழைய 7 நாட்கள் காத்திருக்க நேரும். அந்த இரகசிய இலக்கத்தை, 'இரட்டைப் படிநிலைச் சரிபார்ப்பு' என்ற இடத்தில் இன்றே நீங்கள் போட்டுக்கொண்டால் இந்த அலைச்சலே இல்லை.

நட்சத்திரக் குறியோடு தொடங்கும் ஏதாவது இலக்கத்தை அழுத்தச் சொன்னாலும் அழுத்தாதீர்கள். உங்களுக்கு வரும் அழைப்புகள் அவனுக்குத் திரும்பிப் போகும்படி செய்யும் தந்திரம் அது. தெரியாமல் அழுத்தியிருந்தால் ##002# என்று அழுத்தினால் திருப்பிவிடல்கள் எல்லாம் நீங்கும்.

காசு போய்விட்டதா? முதலில் வங்கிக்குச் சொல்லுங்கள், அந்த நிமிடமே. எடுக்கப்படாமல் இருந்தால் நிறுத்திவைக்க வாய்ப்புண்டு. பிறகு பொலிஸில் முறைப்பாடு. இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கத்திலும் ஆலோசனை பெறலாம். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க கணினிக் குற்றங்கள் சட்டம் நம் நாட்டில் இருக்கிறது. இலக்கத்தையும் செய்திகளையும் அழித்துவிடாதீர்கள், அவைதான் சாட்சி. சிம் அட்டைகள் தேசிய அடையாள அட்டையின் பெயரில் பதியப்படுவதால், யாரோ ஒருவரின் அட்டைப் பிரதியில் எடுத்த சிம்மைத்தான் இவர்கள் பெரும்பாலும் விரும்புவார்கள். உங்கள் அட்டைப் படத்தை வட்ஸ்அப்பில் கேட்பவர்களுக்கெல்லாம் அனுப்பி வைக்காதீர்கள்.

அந்தச் சகோதரி இதில் எதையும் செய்யவில்லை. வெட்கம். "படிச்ச பொம்புள, இப்பிடி ஏமாந்தனே" என்று நான்கு நாட்கள் யாருக்கும் சொல்லாமல் அழுதிருக்கிறார். ஐந்தாம் நாள் கணவரிடம் சொன்னபோது அவர் ஏசவில்லை. "எனக்கு ஒண்டுண்டு நெனச்சுத்தானே குடுத்தீங்க" என்றாராம். ஆனால் வங்கிக் கணக்கு அதற்குள் வெறுமையாகியிருந்தது. ஏசுகிற கணவராக இருந்திருந்தால் ஐந்தாம் நாளும் சொல்லியிருக்க மாட்டார். வீட்டு ஆண்கள் இப்பகுதியை வாசித்தால் நல்லது.

இப்போது குரலையே கணினியால் போலியாகச் செய்கிறார்கள். கணவரின் குரலிலேயே அழைப்பு வரலாம். அதனால் அவர்கள் வீட்டில் ஒரு கேள்வி வைத்திருக்கிறார்கள். மூத்த மகள் சிறு வயதில் வளர்த்த பூனையின் பெயர் அது. முகநூலில் இல்லை, வெளியாருக்குத் தெரியாது. காசு என்ற பேச்சு வந்தாலே அதைக் கேட்க வேண்டும், உண்மையான கணவரிடமும் கேட்க வேண்டும் என்பது ஏற்பாடு. சென்ற மாதம் அவர் அவசரமாக மகனின் பாடசாலைக் கட்டணத்தைப் பற்றிப் பேச எடுத்தபோது ராத்தா கேட்டிருக்கிறார். மனிதருக்குப் பூனையின் பெயர் மறந்துபோய், மகளிடம் கேட்டுச் சொல்ல அரை மணி நேரம் ஆகியிருக்கிறது. அதுவரைக்கும் ராத்தா பணத்தில் கை வைக்கவில்லை.