வீரர்நலம் பேணக் கற்பிப்போர்க்கு வேண்டிய தகுதிகள்

ஆசிரியனாவான் யாவன் என வரையறுத்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்திலேயே நல்லாசிரியனுக்குரிய இயல்புகளை வகுத்துரைத்த பின்னரே இலக்கணத்துட் புகுகின்றார். கற்பிக்கும் பொருள் மனித உயிரோடு தொடர்புடையதாயின் அவ்வரையறை மேலும் இறுக்கமாதல் வேண்டும். அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ‘அத்லெற்றிக் றெயினிங்’ என வழங்கும் துறை அத்தகையது. மேனாடு சென்று விளையாட்டுத்துறையில் உயர்கல்வி பெற விழையும் நம் மாணவர் அதன் இயல்பையும், அதனைக் கற்பிப்போர்க்கு விதிக்கப்பட்டுள்ள தகுதிகளையும் அறிந்துகொள்ளுதல் நன்று.

முதற்கண் பெயரால் விளையும் மயக்கத்தை நீக்குவாம். அப்பெயரைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கின் ‘மெய்வல்லுநர் பயிற்சி’ என்றாகும். அதனைக் கேட்ட அளவில் ஓடவும் பாயவும் எறியவும் பழக்குதலே நம் நெஞ்சிற் தோன்றும். அது பயிற்றுநரின் தொழில். இத்துறையினரோ வீரர்க்குக் காயம் நேராது காப்பவர். நேர்ந்தவிடத்து உடன் உதவுபவர். காயமுற்றாரை மீண்டும் ஆடுகளத்துக்கு ஆயத்தஞ் செய்பவர். இவையனைத்தையும் மருத்துவரோடு இணைந்து ஆற்றுபவர். திருக்குறளின் ‘மருந்து’ என்னும் அதிகாரம் நோயுற்றவன், மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு அருகிருந்து பேணுபவனையும் மருத்துவத்தின் ஓர் உறுப்பாக எண்ணுகின்றது. அவ்வுறுப்பின் பணியை ஆடுகளத்தில் ஏற்பவர் இவர் எனலாம். ஆகலின் இக்கட்டுரையில் இதனை வீரர்நலத் துறை என்றே வழங்குவாம்.

இத்தொழிலினர் 1950இல் அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் தமக்கெனத் தேசிய சங்கம் ஒன்றை நிறுவினர். 1970இல் தகுதிகாண் தேர்வு தொடங்கிற்று. 1990இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் இதனை மருத்துவஞ் சார்ந்த தொழில்களுள் ஒன்றாக ஏற்றது. நெடுங்காலம் இளமாணிப் பட்டமே இத்தொழிலுக்குப் போதியதாயிருந்தது. 2015இல் அதனை முதுமாணி நிலைக்கு உயர்த்தத் தீர்மானித்தனர். அதன்படி 2022ஆம் ஆண்டின் இலையுதிர் பருவத் தொடக்கத்துக்குப் பின் இளமாணி நெறிகளிற் புதிய மாணவர் சேர்க்கப்படுவதில்லை.

இனி, கற்பிப்போர் ஏறவேண்டிய படிகளைக் காண்போம். முதற்படி, உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், உளவியல், உடற்கூற்றியல், உடற்றொழிலியல் ஆகியவற்றிற் போதிய அறிவோடு பெறும் இளமாணிப் பட்டம். இரண்டாவது, அங்கீகாரம் பெற்ற நெறியொன்றில் முதுமாணிப் பட்டம். மூன்றாவது, சான்றிதழ்ச் சபையின் தேர்விற் சித்தி. நான்காவது, இத்தொழிலைச் சட்டத்தால் ஒழுங்குசெய்யும் மாநிலங்களில் அம்மாநிலத்தின் உரிமம். சான்றிதழும் ஒருமுறை பெற்றால் என்றும் நிலைப்பதன்று. ஈராண்டுக்கொருமுறை 50 தொடர்கல்வி அலகுகளை நிறைவுசெய்து அதனைப் பேணல் வேண்டும்.

இந்நான்கும் தொழில் புரிதற்கு உரியன. பல்கலைக்கழகத்திற் கற்பித்தற்கு மேலும் வேண்டும். நெறியின் பணிப்பாளராவதற்குக் கலாநிதிப் பட்டம் இன்றியமையாதது என 2020ஆம் ஆண்டின் அங்கீகார விதிகள் கூறுகின்றன. அவர் சான்றிதழும் உரிமமும் உடையவராகவும், உயர்கல்வி நிலையத்தில் முழுநேரம் கற்பித்த அனுபவமும் ஆய்வுப்பணியும் உடையவராகவும் இருத்தல் வேண்டும். ஏனைய விரிவுரையாளர் தாந்தாம் கற்பிக்கும் பகுதியில் இற்றைநாள் அறிவும் கற்பிக்கும் திறனும் உடையராதல் வேண்டும். ஆடுகளத்திலும் சிகிச்சை நிலையத்திலும் மாணவரை நெறிப்படுத்துவோர் உரிமம் பெற்ற சுகாதாரத் தொழிலினராதல் வேண்டும்.

இத்துணைக் கட்டுப்பாடு எதற்கு என வினவலாம். 2018 மே மாதத்தில் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உதைபந்தாட்ட அணியைச் சேர்ந்த 19 வயது மாணவர் ஒருவர் ஓட்டப் பயிற்சியின்போது வெப்பத் தாக்கமுற்று, இரு வாரங்களில் உயிர்நீத்தார். அவரைக் குளிர்நீரில் அமிழ்த்தவில்லை என்பது பின்னர் நிகழ்ந்த விசாரணையில் வெளிப்பட்டது. பல்கலைக்கழகத் தலைவர் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் பொறுப்பைப் பகிரங்கமாக ஏற்றுக்கொண்டார். வெப்பத் தாக்கமுற்றவரை முதலிற் குளிர்வித்துப் பின்னரே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லல் வேண்டுமென்பது இத்துறையின் விதி. விழுந்த அரைமணி நேரத்துள் உடல் வெப்பத்தைத் தணித்தால் உயிர் பிழைத்தல் பெரும்பாலும் உறுதி. இவ்விதியை ஏட்டில் எழுதிச் சித்தியடைதல் எளிது. களைத்து வீழ்ந்தவனுக்கும் வெப்பத் தாக்கமுற்றவனுக்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நொடியிற் கண்டு, பிறர் தயங்கும்போது தயங்காது செயலாற்றுதல் அரிது. அதனைக் களத்தில் நின்று பழகிய ஆசானே கற்பிக்க வல்லவர். பட்டத்தோடு சான்றிதழையும் அனுபவத்தையும் வேண்டியதன் காரணம் இதுவே.

நம் மாணவர் ஒன்றனைத் தெளிதல் வேண்டும். சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானமும் உடற்கல்வியும், கொழும்பு, பேராதனைப் பல்கலைக்கழகங்களில் இயன்மருத்துவமும் பட்டநெறிகளாக உள்ளன. இவை மேற்படிப்புக்கு நல்ல அடித்தளமாம். எனினும் இயன்மருத்துவப் பட்டம் ஒன்றையே கொண்டு அமெரிக்காவின் வீரர்நலத் தேர்வுக்குத் தோற்ற இயலாது. வீரரைப் பழக்குதலில் விருப்பமா, அவர்தம் உடலைப் பேணுதலில் விருப்பமா என்பதை முன்னரே துணிந்து, சேரக் கருதும் நெறி அங்கீகாரம் பெற்றதா என ஆராய்ந்த பின்னரே பொருளையும் காலத்தையும் செலவிடுக.

ஆங்குச் செல்லாதார்க்கும் இதனிற் பயனுண்டு. நம் இல்ல மெய்வல்லுநர் போட்டிகளிலும் மரதன் ஓட்டங்களிலும் இப்பணியைச் சுமப்போர் உடற்கல்வி ஆசிரியரும் முதலுதவிப் படையினருமே. நிழலும் நீரும், வீழ்ந்தவனைக் கிடத்தி நனைக்க ஒரு தறப்பாளும், போதிய பனிக்கட்டியும், அவற்றைப் பயன்படுத்தப் பழகிய இருவரும் மைதானத்தில் இருத்தல் பெருஞ் செலவன்று. வெற்றிக் கேடயங்களுக்குப் பொருளுதவும் பழைய மாணவர் இவற்றுக்கும் உதவுவாராயின், அஃது நம் கல்லூரி அன்னைக்குச் செய்யும் சிறந்த தொண்டாகும்.