மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டில் சூழல் தாக்கம்

மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு என்பது ஒரு மருந்து, கருவி அல்லது அறுவை முறையின் பயன், பாதுகாப்பு, செலவு ஆகியவற்றை முறையாக ஆராய்ந்து, அதனை ஏற்பது குறித்து முடிவெடுக்க உதவும் துறை ஆகும். அத்தொழில்நுட்பத்தால் உண்டாகும் கழிவு, பைங்குடில் வளிமங்கள், நீர் மாசு முதலியவற்றையும் இம்மதிப்பீட்டில் சேர்க்க வேண்டும் என்ற கருத்து அண்மைக் காலத்தில் வலுப்பெற்றுள்ளது. புதுச்சேரி அரவிந்த் கண் மருத்துவமனை இடம்பெற்ற ஓர் ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

தேவை

உலகப் பைங்குடில் வளிம வெளியேற்றத்தில் ஏறத்தாழ 4 முதல் 5 விழுக்காடு மருத்துவத் துறையைச் சார்ந்தது எனக் கணக்கிடப்பட்டுள்ளது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கருவியின் விலை மருத்துவமனையின் கணக்கில் இடம்பெறும். அதன் உற்பத்தியாலும் எரிப்பாலும் விளையும் கேடு அக்கணக்கில் வராது. அதனைச் சமூகமே சுமக்கிறது.

மதிப்பிடும் முறை

இதற்கு வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு பயன்படுகிறது. மூலப்பொருள் எடுத்தல், உற்பத்தி, போக்குவரத்து, பயன்பாடு, கிருமி நீக்கம், கழிவகற்றல் ஆகிய எல்லாக் கட்டங்களின் தாக்கமும் கூட்டப்படும். வளிமங்கள் அனைத்தும் கார்பன் டை ஆக்சைடுக்கு ஈடான எடையாக மாற்றிக் கூறப்படும்.

புதுச்சேரி எடுத்துக்காட்டு

அரவிந்த் கண் மருத்துவமனை 1976 இல் மருத்துவர் கோ. வெங்கடசாமியால் மதுரையில் தொடங்கப்பட்டது. அதன் புதுச்சேரிக் கிளை 2003 இல் திறக்கப்பட்டது. இந்நிறுவனத்தின் இரு மருத்துவமனைகளில் மீயொலி கொண்டு செய்யப்படும் கண்புரை அறுவை ஆராயப்பட்டு, முடிவுகள் 2017 இல் வெளியாயின. அதன்படி ஓர் அறுவைக்கு உண்டாகும் கழிவு ஏறத்தாழ 250 கிராம்; வெளியேறும் பைங்குடில் வளிமம் ஏறத்தாழ 6 கிலோகிராம். இது ஐக்கிய இராச்சியத்தில் அதே அறுவைக்கு ஆகும் அளவில் சுமார் 5 விழுக்காடே என ஆய்வாளர்கள் குறிப்பிட்டனர்.

அறுவைக் கருவிகளையும் துணிகளையும் கிருமி நீக்கி மீண்டும் பயன்படுத்துவதும், ஒரு மருந்துக் குப்பியைப் பல நோயாளிகளுக்குப் பயன்படுத்துவதும் இதற்கு முக்கியக் காரணங்கள். எனினும் இம்முறையும் தாக்கமற்றதன்று. இங்கு வெளியேற்றத்தின் பெரும்பகுதி கிருமி நீக்கத்தின்போதே ஏற்படுகிறது.

பாதுகாப்பு

மறுபயன்பாட்டால் தொற்று கூடுமா என்பதே இதில் அடிப்படையான கேள்வி. சூழலுக்கு நன்மை என்பதற்காக நோயாளியின் பார்வையை இடருக்கு உட்படுத்த இயலாது. அரவிந்த் மருத்துவமனைகளில் நடந்த 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட கண்புரை அறுவைகளைப் பற்றிய மற்றோர் ஆய்வும் 2017 இல் வெளியானது. கண்ணுள் மாக்சிஃப்ளாக்சசின் மருந்து செலுத்தப்படாதவர்களில் கடும் உட்கண் தொற்று 0.07 விழுக்காடாகவும், செலுத்தப்பட்டவர்களில் 0.02 விழுக்காடாகவும் இருந்தது. இரண்டுமே மிகக் குறைந்த அளவுகளாகும். எனவே ஒருமுறைப் பயன்பாடே பாதுகாப்பானது என்பதை ஆய்வின்றி ஏற்க முடியாது என்பது தெளிவாகிறது.

வரம்புகள்

ஆய்வுகளின் எல்லைகள் வேறுபடுவதால் எண்களை ஒப்பிடுகையில் கவனம் தேவை. எடுத்துக்காட்டாக, 2013 இல் வெளியான கார்டிஃப் ஆய்வு ஒரு கண்புரை அறுவைக்கு 181.8 கிலோகிராம் எனக் கணித்தது. அதில் கட்டட ஆற்றல், போக்குவரத்து ஆகியனவும் அடங்கும். மின்சாரம் நிலக்கரியிலிருந்து கிடைக்கிறதா, சூரிய ஒளியிலிருந்து கிடைக்கிறதா என்பதைப் பொறுத்தும் முடிவு மாறும். மேலும், திறமையான கிருமி நீக்கப் பிரிவும் தொற்றுக் கண்காணிப்பும் இல்லாத இடத்தில் இம்முறையை அப்படியே பின்பற்றுவது பொருந்தாது.

இந்தியாவில்

இந்தியாவில் மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீட்டுக்கான அமைப்பு, நடுவண் அரசின் நலவாழ்வு ஆராய்ச்சித் துறையின்கீழ் 2017 இல் உருவாக்கப்பட்டது. சூழல் தாக்கத்தைத் தனி அறிக்கையாக இணைப்பதா, பணமதிப்பாக மாற்றிச் செலவுடன் கூட்டுவதா என்பது குறித்து உலக அளவில் இன்னும் ஒருமித்த கருத்து உருவாகவில்லை.

இவற்றையும் பார்க்க

கண்புரை
உயிரிமருத்துவக் கழிவு
வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு