உங்களுக்குத் தெரியுமா? லித்தியமும் தெம்பனிஸ் வெயிலும்

இருமுனை மனநோய்க்கு லித்தியம் உதவும் என்று 1949இல் கண்டறிந்தவர் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட். இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று அது. ஆனால் அளவு தப்பினால் நஞ்சாகும். கடைசி மாத்திரை சாப்பிட்டு 12 மணி நேரம் கழித்து எடுக்கும் இரத்தத்தில் பொதுவாக லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் இருக்க வேண்டும், 1.5ஐத் தாண்டினால் ஆபத்து.

சிங்கப்பூரின் தெம்பனிஸ் வட்டார வெயிலில் வியர்த்துக் கொட்டும்போதும், வாந்தி, வயிற்றுப்போக்கின்போதும் உடலில் நீரும் உப்பும் குறையும். அப்போது சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். முழங்கால் வலிக்கென்று கடையில் வாங்கும் ஐபுபுரோஃபெனும் இதையே செய்யும். இது பலருக்குத் தெரிவதில்லை என்பதுதான் கவலை. லித்தியம் சாப்பிட்டுக்கொண்டே தைப்பூச விரதமோ ரமலான் நோன்போ இருப்பவர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கை நடுக்கம் கூடினாலோ, நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

நன்றாக இருக்கிறதே என்று மாத்திரையைத் திடீரென நிறுத்தவும் கூடாது; நோய் வேகமாகத் திரும்பும். செலவு தடையாக இருந்தால் கேட்டுப் பாருங்கள்: சிங்கப்பூரின் நாட்பட்ட நோய் நிர்வாகத் திட்டத்தில் இருமுனை மனநோயும் உண்டு, மெடிசேவ் மருத்துவச் சேமிப்புப் பணத்தைப் பயன்படுத்தலாம்.