தகடூர் அதியமானும் தளர்ந்த சோழரும்

சேலத்தினின்று வடக்கே தருமபுரிக்குச் செல்வோர் பழைய தகடூரின் மண்ணை மிதிக்கின்றனர். 1965 வரை சேலம் ஜில்லாவைச் சேர்ந்திருந்த இவ்வூரை, மூன்றாம் குலோத்துங்கன் காலத்தில் (1178–1218) ஆண்டவன் விடுகாதழகிய பெருமாள் என்னும் அதியமான். போளூரையடுத்த திருமலையில், தன் முன்னோன் எழினி நிறுவிய இயக்கன் இயக்கி உருவங்களைப் புதுக்கியவனும் இவனே.

இவன் குலத்தார் சோழர்க்கு அடங்கியவர். 1116-ஐ ஒட்டி, தலைக்காட்டைச் சோழர்க்காகக் காத்து நின்ற அதியமான் ஒருவன், போசளரின் சேனாபதி கங்கராஜனிடம் தோற்றான். அதன்பின் மேற்றிசை எல்லையில் அச்சம் நீங்கவில்லை. சோழர் தலைநகரோ தொலைவு, பகைவரோ வாசலில். சிற்றரசன் என் செய்வான்?

விடையைச் செங்கம் கோயிற் கல்வெட்டிற் காணலாம். விடுகாதழகிய பெருமாளும், கரிகால சோழ ஆடையூர் நாடாழ்வானும், செங்கேணி அம்மையப்பன் அத்திமல்லன் என்னும் விக்கிரம சோழச் சம்புவராயனும் தமக்குள் மாறுபடாதிருக்க உடன்படிக்கை செய்துகொண்டனர். கல்லிற் பொறித்த ஆட்சியாண்டு சோழனுடையது. உடன்பட்டாருள் சோழன் இல்லை! இராஜவிசுவாசத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு, காவலைத் தாமே தேடிக்கொண்டனர் என்பது எம் கருத்து.

கொரியாவின் கோரியோ அரசு வேறு வழி கண்டது. 1125-இல் லியாவோ வமிசம் வீழ, மறு ஆண்டே அதனை வீழ்த்திய ஜின் வமிசத்தின் தலைமையை ஒப்புக்கொண்டது. ஆங்கு மேலரசனை மாற்றினர். ஈங்கு அவன் பெயரை விடாமலே அயலாரைத் துணைக்கொண்டனர்.

இவர்தம் முன்னெச்சரிக்கை வீணன்று. 1216-ஐ ஒட்டிப் பாண்டியன் சோணாட்டிற் புகுந்தான். 1231-இல் கோப்பெருஞ்சிங்கன் மூன்றாம் இராஜராஜனைச் சேந்தமங்கலத்திற் சிறையிட்டான். (நாமக்கல்லையடுத்த சேந்தமங்கலம் அன்று, தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ளது.) அச்சோழனைச் சிறைமீட்டவர், முன்னர்த் தலைக்காட்டைப் பறித்த போசளரே.