கருவியும் காப்பும்

அதியமானின் தூதராய்த் தொண்டைமானிடஞ் சென்ற ஔவையார், அவனது படைக்கலங்களைக் கண்டு கூறிய செய்தியைப் புறநானூறு கற்றோர் அறிவர். பீலி சூட்டி, மாலை அணிவித்து, நெய் பூசப்பெற்றுக் காவல்மிக்க மனையில் இருந்தன தொண்டைமானின் வேல்கள். அதியமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லனின் பட்டறையிற் கிடந்தன. புகழ்வதுபோலப் பழித்த அச்சொற்களின் உட்பொருள் யாது? கருவியைப் பேணுதல் வேறு, பூட்டிவைத்தல் வேறு என்பதேயாம். இக்காலத்து விலையுயர்ந்த கருவிகளுள் ஒன்றாகிய தூரமானிக் கமராவை உடையோரும் இவ்வேறுபாட்டை உணர்தல் வேண்டும்.

ஜேர்மனியின் வெட்ஸ்லார் நகரில், லைற்ஸ் நிறுவனத்திற் பணிபுரிந்த ஒஸ்கார் பர்னாக் ஆக்கிய சிறு கமரா, 1925 ஆம் ஆண்டு லைப்சிக் சந்தையில் லைக்கா என்னும் பெயரோடு அறிமுகமாயிற்று. அதன் வழிவந்த எம்3 என்பது 1954 இல் தோன்றியது. படச்சுருளுக்குப் பதிலாக ஒளியுணரியைக் கொண்ட எம்8 என்னும் இலக்கமுறைக் கமரா 2006 இல் வெளிவந்தது. இவற்றிற் கண்ணானது வில்லையினூடே நோக்குவதில்லை. தனியானதொரு சாளரத்தினூடே நோக்குகின்றது. அங்கே இரண்டாய்த் தோன்றும் உருவம் ஒன்றாய்ப் பொருந்துமாறு வில்லையைத் திருப்புமிடத்துத் தூரம் சரியாக அமையும்.

இவ்வமைப்பினால் ஒரு விந்தை நேர்கின்றது. வில்லையின் மூடியைக் கழற்ற மறந்தாலும் சாளரத்திற் காட்சி தெளிவாகவே தெரியும். படத்திலோ இருளே எஞ்சும். காக்க வந்த மூடியே காட்சியைக் கவர்ந்துவிடுகின்றது! ஆதலின், அனுபவம் மிக்கார் பலர் மூடியினும் வில்லைக்கவசத்தையே விரும்புவர். முன்னே நீண்டிருக்கும் அவ்வளையம் மோதலைத் தான் ஏற்றுக்கொள்ளும். பக்கத்திலிருந்து வரும் வீணொளியையும் தடுக்கும். வில்லையின்மேற் பொருத்தும் காப்புக் கண்ணாடி கடற்கரையின் உப்புக்காற்றுக்கும் புழுதிக்கும் நல்லது. இரவிலே விளக்குகளை எதிர்நோக்கும்போது அதுவே போலி உருவங்களைப் படத்திற் புகுத்தும். இடமறிந்து பூட்டலும் கழற்றலும் அறிவுடைமை.

எம்மனோர் நாட்டில் வில்லைக்குப் பெரும்பகை ஈரமாகும். தோலுறையில் இட்டு அலுமாரியில் நெடுநாள் வைத்த வில்லையிற் பூஞ்சணம் நூல்நூலாய்ப் படர்ந்து, மேற்பூச்சையும் அரித்துவிடும். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பதும், இருளும், அசையாக் காற்றும் அதற்கு வாய்ப்பாகின்றன. சாரீரப்பதன் 40 முதல் 50 வீதம் வரை நிற்கும் உலர்பெட்டியில் வைத்தல் தகும். சிலிக்கா ஜெல்லை இடுவோர் அது ஈரத்தால் நிறைந்தவுடன் சூடாக்கி உலர்த்தி மீண்டும் இடல் வேண்டும். எனினும், அடிக்கடி வெளியே எடுத்துப் பயன்படுத்துதலே எளிய காப்பு. காப்பும் குறையற்றதன்று. 2009 இல் வெளிவந்த எம்9 கமராவில், உணரியின்மேல் மூடியாய் அமைந்த மெல்லிய கண்ணாடியே ஈரத்தால் அரிப்புற்றுப் படங்களிற் புள்ளிகளை உண்டாக்கியது.

இனி, கருவியைத் தன் கைக்கேற்ப மாற்றியமைத்தலைக் காண்போம். பிரான்சு நாட்டுப் படக்கலைஞர் ஹென்றி கார்ட்டியே-பிறெசோன் தம் லைக்காவின் மின்னும் உலோகப் பகுதிகளைக் கறுத்த நாடாவால் மூடினார். அழகு கருதியன்று, பிறர் கண்ணிற் படாதிருத்தற்பொருட்டே. படச்சுருளை நகர்த்தும் நெம்பு இலக்கமுறைக் கமராவில் இல்லாமையாற் பெருவிரல் பற்றுதற்கு இடமின்றித் தவிக்கும். அதற்கெனச் சிறு உலோகத் தாங்கியொன்றைப் பின்புறத்திற் பொருத்துவோர் உளர். வில்லையின் அடிவளையத்திலே ஆறு சிறு குழிகளை அமைத்துக் கறுப்பும் வெள்ளையுமாய் நிரப்பினால், கமரா அக்குறியீட்டைப் படித்து வில்லை இன்னதென அறிந்து, படத்தின் ஓரங்களில் நேரும் ஒளிக்குறைவைத் திருத்தும். இதனால் எம்3 காலத்துப் பழைய வில்லைகள் பலவும் புதிய கமராவுடன் உறவு கொள்கின்றன. இவையெல்லாம் பயன் கருதிய மாற்றங்கள்.

பயனற்ற மாற்றமும் உண்டு. நெடுநாட் கைபட்ட கமராவின் கறுப்புப் பூச்சுத் தேய்ந்து, அடியிலுள்ள பித்தளை பொன்போல் ஒளிரும். அத்தழும்பை விரும்புவோர்க்கென 2015 இல் லைக்கா நிறுவனம், இசைக்கலைஞர் லெனி கிறவிட்ஸ் வடிவமைத்த 125 கமராத் தொகுதிகளை வெளியிட்டது. அவற்றின் பூச்சு விற்பனைக்கு முன்பே கையாற் சுரண்டித் தேய்க்கப்பட்டிருந்தது. போர்க்களம் புகாத வேலுக்கு நுனியை முறித்துக் கொடுத்தல் போன்றது இது! ஔவையார் இன்றிருப்பின், தொண்டைமானுக்குச் சொன்னதனை இதற்குஞ் சொல்லியிருப்பார்.

தழும்பை விலைக்கு வாங்கலாம். அத்தழும்பு குறிக்கும் உழைப்பை வாங்குதல் இயலாது. ஈரத்தினின்று காத்து, மோதலினின்று காத்து, பின்னர் அஞ்சாது கையிலெடுத்து வீதியில் இறங்குவோனே கருவியைப் பேணுபவன் ஆவான்.