ஊர் சுற்றிய சொற்கள்: ஓடிப்போன 'ஃபாஸ்ட்'

'நைஸ்' என்ற சொல் பேதையைக் குறிக்கத் தொடங்கி நல்லவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்ததைப் போன வாரம் பார்த்தோம். மறந்தவர்கள் பழைய இதழைத் தேடிக்கொள்ளுங்கள். இந்த வாரம் பழைய ஆங்கிலத்தில் கற்பைக் குறித்த சொற்கள் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். ஆசிரியரும் போன் மேல் போன் போடுகிறார். ஆனால் போகிற வழியில் ஒரு சொல் மறித்துக்கொண்டது.

'ஷேம்ஃபாஸ்ட்.' வெட்கத்தோடு 'ஃபாஸ்ட்' ஒட்டியிருக்கிறதே, வேகமாக வெட்கப்படுபவளோ என்று அவசரப்பட வேண்டாம். பழைய ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றால் அசையாதது, இறுகியது, உறுதியானது. 'ஃபாஸ்ட் கலர் சார், சாயம் போகாது' என்று ஜவுளிக்கடைக்காரர் துணியை விரிக்கிறாரே, அவர் பேசுவது அந்த ஆயிரம் வருஷத்துப் பொருளைத்தான். 'ஃபாஸ்ட் அஸ்லீப்' என்றாலும் அசையாத தூக்கம். விரதத்தைக் குறிக்கும் 'ஃபாஸ்ட்'டுக்கும் அதே வேர்: பிடித்த பிடியை விடாமல் இருப்பது. அதை முறித்தால் பிரேக்ஃபாஸ்ட்.

ஆக, ஷேம்ஃபாஸ்ட் என்றால் நாணத்தால் கட்டுண்டவர். 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர், 'கேன்டர்பரி கதைகள்' நூலில் மருத்துவர் சொல்லும் கதையில், வெர்ஜீனியா என்ற பெண்ணை இந்தச் சொல்லால்தான் வர்ணிக்கிறார். சொன்ன கையோடு, சோம்பல் அண்டாதபடி அவள் எப்போதும் ஏதாவது வேலையாகவே இருப்பாள் என்றும் சேர்க்கிறார். கற்புக்குக் காவல் சுறுசுறுப்பு என்பது அந்தக் கால நம்பிக்கை. என்ன பயன்? கெட்ட நீதிபதி ஒருவன் கையில் சிக்காமல் இருக்க, பெற்ற தகப்பனே அவள் தலையை வெட்டிவிடுகிறான். அந்தக் கதையைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது சாசர்மேல் அல்ல, தகப்பன்மேல்.

இறுகிய சொல் எப்படி ஓட ஆரம்பித்தது? விடாப்பிடியாக இழு, விடாப்பிடியாக அடி என்பதுபோல விடாப்பிடியாக ஓடு என்றும் சொன்னார்கள். அப்படி ஓடுகிறவன் வேகமாகத்தானே ஓடுவான்? உறுதி மெல்ல நழுவி, வேகம் மட்டும் தங்கிவிட்டது.

இனிமேல்தான் வேடிக்கை. பழைய பொருள் மங்கியதும் ஷேம்ஃபாஸ்டின் வால் ஜனங்களுக்கு விளங்கவில்லை. வெட்கம் முகத்தில்தானே சிவக்கிறது என்று 'ஷேம்ஃபேஸ்டு' ஆக்கிவிட்டார்கள். 1611-இல் வந்த ஜேம்ஸ் மன்னர் பைபிளில், தீமோத்தேயுவுக்கு பவுல் எழுதிய முதல் கடிதத்தில், பெண்களின் நாணத்தைச் சொல்லும் இடத்தில் பழைய சொல்லே இருந்தது. பின்னால் வந்த பதிப்புகளில் அச்சுக்காரர்கள் அங்கேயும் முகத்தை ஒட்டவைத்தார்கள். ஆக்ஸ்போர்டு அகராதிக்கு வித்திட்டவர்களில் ஒருவரான ரிச்சர்டு செனவிக்ஸ் டிரெஞ்ச் இதை எடுத்துக்காட்டி வருத்தப்பட்டார். 1881-இல் வெளியான திருத்திய புதிய ஏற்பாடு பழைய சொல்லை மீட்டது. யார் கேட்டார்கள்? ஜனங்கள் முகத்தை விடவில்லை.

இதற்குள் தனியே ஓடிய 'ஃபாஸ்ட்' வேறு வேலையில் இறங்கிவிட்டது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணை 'ஃபாஸ்ட்' என்றால், கட்டுப்பாடு இல்லாதவள் என்று பொருள். கற்பைக் கட்டிக் காத்த அதே சொல், கட்டவிழ்ந்தவள்மேல் போய் உட்கார்ந்தது!

அவசரத்துக்கென்றே பிறந்த சொற்களோ எதிர்த்திசையில் போயின. 'அனான்' என்றால் ஒரே மூச்சில், இந்த நொடியே. ஷேக்ஸ்பியரின் 'நான்காம் ஹென்றி' முதல் பாகத்தில் மதுக்கடைப் பையன் ஃபிரான்சிஸ் படும் பாட்டைப் பாருங்கள். இளவரசன் அவனை நிறுத்திப் பேச்சுக் கொடுக்கிறான். பக்கத்து அறையிலிருந்து இளவரசனின் கூட்டாளி கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறான். பையன் 'அனான்' என்று கத்துகிறானே தவிர, கால் நகரவில்லை. நம் ஓட்டலில் 'இதோ வந்துட்டேன் சார்' என்கிற குரல் எவ்வளவு நேரம் கழித்து வரும் என்பது உங்களுக்கே தெரியும். அப்படிச் சொல்லிச் சொல்லியே 'அனான்' என்றால் 'சற்று நேரம் கழித்து' என்று ஆகிவிட்டது. 'சூன்' கதையும் இதேதான்.

'பை அண்ட் பை' இன்னும் மோசம். அதே 1611 பைபிளில், யோவான் ஸ்நானகனின் தலையைத் தட்டில் வைத்து 'பை அண்ட் பை' தரச் சொல்கிறாள் ஏரோதியாளின் மகள். அவள் கேட்டது உடனே. இன்றைக்குப் படிக்கிறவருக்கோ, பாவம், பொறுமையான பெண், சௌகரியப்பட்டபோது கொடுத்தால் போதும் என்கிறாள் என்று தோன்றும்.

பக்கம் முடிந்துவிட்டது, கற்பு அப்படியே நிற்கிறது. 'ஆனஸ்ட்' என்ற சொல்லை எடுக்க நினைத்திருந்தேன். 'ஒதெல்லோ' நாடகத்தில் இயாகோவை அப்படி அழைத்தால் நேர்மையானவன், டெஸ்டிமோனாவைப் பற்றி அப்படிச் சொன்னால் கற்புள்ளவள். ஆணுக்கு ஒரு பொருள், பெண்ணுக்கு ஒரு பொருள். அந்த வழக்கை அடுத்த வாரம் விசாரிப்போம்.