எஞ்சிய கால்

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நமது காரியாலயத்தின் மாடிப்படிகளில் ஒருவர் மெதுவாக ஏறிவரும் ஓசை கேட்டது. ஓர் அடி மிருதுவாகவும் மறு அடி கட்டையாகவும் விழுந்தது. வந்தவர் ஒரு மாஜி ஹவில்தார். எல்லைப்புறத்தில் கண்ணிவெடி வெடித்து இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். பூனாவில் 1944-ம் வருஷம் ஏற்பட்ட ராணுவச் செயற்கை அவயவ நிலையத்தில் பொய்க்கால் பெற்று, ஊருக்குத் திரும்பி, தம் சொற்ப நிலத்தைத் தாமே பார்த்து வருபவர். பெயரை வெளியிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். கையிலிருந்த ரத்தப் பரிசோதனைச் சீட்டை மேஜைமீது வைத்துவிட்டு, "ஐயா, ஒரு காலைத் தேசத்துக்குக் கொடுத்தேன், அதற்காக ஒரு நாளும் நான் வருந்தியதில்லை. மற்றக் காலைச் சர்க்கரைக்குக் கொடுக்க வேண்டுமா?" என்று கேட்டார்.

அன்று நாம் அவருக்கு ஆறுதல் கூறினோமேயன்றி விடை கூறவில்லை. பிறகு வைத்தியர்களைக் கலந்தும், சட்டப் புத்தகங்களைப் புரட்டியும் அறிந்தவற்றை இங்கே எழுதத் துணிகிறோம். அவருடைய கேள்வி அவர் ஒருவருடையதன்று.

முதலாவது, இவ்வியாதி வந்தது ஓர் அவமானமன்று. இந்திய வைத்திய ஆராய்ச்சிக் கவுன்ஸிலின் ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆராய்ச்சியின்படி, நம் தேசத்தில் 10 கோடிக்கு மேற்பட்டோர் நீரிழிவுடன் வாழ்கின்றனர். வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை 126 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருந்தாலும், மூன்று மாதச் சராசரியைக் காட்டும் 'ஏ1ஸி' அளவு 6.5-ஐ எட்டினாலும், மறு பரிசோதனையில் அதை உறுதி செய்துகொண்டு வைத்தியர் வியாதியென்று தீர்மானிக்கிறார். நமது ஹவில்தாரோ, சீட்டு வந்து ஆறு வாரம் வரையில் மனைவியிடங்கூடச் சொல்லவில்லை. குண்டுக்கு அஞ்சாதவர் ஒரு காகிதத்துக்கு அஞ்சினார்! படையில் உழைத்த உடம்புக்கு நோய் வருவது இழிவென்ற எண்ணம் நம் சிப்பாய்களிடம் வேரூன்றியிருக்கிறது. சத்துருவின் நடமாட்டத்தை அறிந்த காவற்காரன் அதை மறைத்து வைப்பானா? உடனே மேலிடத்துக்குத் தெரிவிப்பதன்றோ அவன் கடமை? வியாதி விஷயத்திலும் அப்படியே.

இரண்டாவது, அங்கம் இழந்தவருக்கு வரும் நீரிழிவு மற்றவர்களுக்கு வருவதைப் போன்றதன்று. "தினந்தோறும் ஒரு மணி நேரம் நட" என்பது எல்லோருக்கும் சொல்லப்படும் உபதேசம். இரண்டு கால் உள்ளவர்களுக்காக ஏற்பட்ட அந்த உபதேசத்தை ஹவில்தார் அப்படியே கடைப்பிடித்தார். ஒரே வாரத்தில் வெட்டுண்ட காலின் முனை பொய்க்காலில் உராய்ந்து புண்ணாயிற்று. சர்க்கரை மிகுந்த உடம்பில் புண் எளிதில் ஆறாது; நரம்புகள் கெட்டிருந்தால் வலியும் தெரியாது. வலி தெரியாத புண்ணே காலைக் கொள்ளை கொள்வது. அன்றியும், இழந்த காலின் பாரத்தையெல்லாம் எஞ்சிய கால் சுமக்கிறது. இல்லாத காலில் இருப்பதுபோல் தோன்றும் வலியும், நீரிழிவினால் நரம்பில் உண்டாகும் எரிச்சலும் ஒன்றோடொன்று கலந்து மனிதனை மயக்குகின்றன. எடைக் கணக்குங்கூட அவருக்கு வேறு. முழங்காலுக்குக் கீழுள்ள பாகம் உடல் நிறையில் நூற்றுக்குச் சுமார் ஆறு பங்கு. அதைச் சேர்க்காமல் அட்டவணையைப் பார்த்தால், பருத்தவனும் அளவானவனாகத் தோன்றுவான்.

ஆகவே அவர் செய்யவேண்டியது என்ன? நீண்ட அணிவகுப்பு முடிந்ததும் சிப்பாய்களின் பாதங்களைப் பரிசோதிக்கும் வழக்கம் படையில் உண்டு. அந்த வழக்கத்தை இனி ஆயுள் முழுவதும் கைக்கொள்ள வேண்டும். தினமும் இரவில் எஞ்சிய பாதத்தின் அடியையும் விரலிடுக்குகளையும் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்; வெட்டுண்ட காலின் முனையையும் அவ்வாறே பார்க்க வேண்டும். சிவப்போ, கொப்புளமோ, வெடிப்போ கண்டால் பொய்க்காலைக் கழற்றிவிட்டு வைத்தியரிடம் செல்ல வேண்டும். வெறுங்காலுடன் வயலிலோ கோயில் பிராகாரத்தின் சுடு கல்லிலோ நடப்பது கூடாது. கால் ஆணியைத் தாமே பிளேடால் அறுப்பதும், வெந்நீரில் காலை அமிழ்த்துவதும் கூடவே கூடா. மிருதுவான ரப்பர் அடி வைத்த எம்.ஸி.ஆர். செருப்பு நம் ஊர்களிலேயே கிடைக்கிறது. நடக்க இயலாத நாட்களில், நாற்காலியில் அமர்ந்தபடியே கைகளால் பாரம் தூக்கியும் ரப்பர்ப் பட்டையை இழுத்தும் தேகப்பயிற்சி செய்யலாம். வைத்தியரைக் கேட்டு மெள்ள மெள்ளக் கூட்டலாம். கண்ணையும் சிறுநீரகத்தையும் வருஷந்தோறும் பரிசோதிப்பது அவசியம். சோற்றைக் குறைத்து, பருப்பு, காய், கீரைகளைக் கூட்டுவது ஏழைக்கும் இயன்றதே. மருந்து சாப்பிட்டபின் வியர்வையும் நடுக்கமும் கண்டு சர்க்கரை 70-க்குக் கீழ் இறங்கினால், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும். பொய்க்காலில் நிற்பவர் மயங்கி விழுவது இரட்டை அபாயமென்பதை மறக்கலாகாது.

"மாத்திரை போதாவிட்டால் ஊசியாமே!" என்று அவர் அஞ்சினார். இன்ஸுலின் ஊசி தோல்வியின் சின்னமன்று. அதைக் கண்டுபிடித்தவர் யார்? கானடா தேசத்து பிரடெரிக் பான்டிங். அவரும் யுத்தகளத்தில் காயமுற்றவரே. 1918-ல் பிரான்ஸில் காம்ப்ரே அருகில் வெடிகுண்டுச் சிதறல் கையில் பாய்ந்த பின்னும் மற்றக் காயக்காரர்களுக்குச் சிகிச்சை செய்து வந்தவர். அதற்காக வீரப் பதக்கம் பெற்றவர். 1921-ல் டொரான்டோ நகரில் பெஸ்ட் என்ற மாணவருடன் உழைத்து அவர் ஆரம்பித்த வேலையே, 1922 ஜனவரியில் சாகுந்தறுவாயிலிருந்த ஒரு சிறுவனுக்கு உயிர் தந்தது. 1923-ல் நோபல் பரிசு கிடைத்தபோது அவருக்கு வயது 32. இன்ஸுலின் என்பது ஒரு காயமுற்ற சிப்பாய் உலகத்துக்கு அளித்த கொடை. அதை மற்றொரு சிப்பாய் ஏற்பதில் என்ன இழிவு?

இனி ராஜாங்கத்தின் கடமையைப் பற்றி. சேவையினால் உண்டான அல்லது சேவையினால் அதிகமான ஊனம் நூற்றுக்கு 20 பங்கு இருந்தால் ஊனப் பென்ஷன் உண்டு என்பது விதி. ஆனால் நீரிழிவு விஷயத்தில், "இது உடல்வாகினால் வந்தது, சேவையினால் வந்ததன்று" என்று ஒரு வரி எழுதி மறுப்பது வழக்கமாயிருந்தது. 2013-ல் தரம்வீர் சிங் வழக்கில் ஸுப்ரீம் கோர்ட்டார் ஒரு நியாயத்தை ஸ்தாபித்தனர்: படையில் சேர்ந்தபோது வியாதி இருந்ததாகக் குறிப்பில்லையேல், அவர் ஆரோக்கியமாகவே சேர்ந்தாரென்று கொள்ள வேண்டும், வியாதி சேவையினால் வரவில்லையென்று ருஜுப்படுத்தும் பாரம் சர்க்காரைச் சேர்ந்தது, சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. 2025 மார்ச்சில் டில்லி ஹைகோர்ட்டாரும், சமாதான ஸ்தலத்தில் இருந்தபோது நீரிழிவு கண்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பென்ஷனை மறுக்கலாகாதென்று தீர்ப்பளித்தனர். இதனிடையே 2023 செப்டம்பரில் புதிய விதிகள் வந்துள்ளன. ஆகையால் ஒருவர் எத்தேதியில் விலகினார், எந்த விதி அவரைக் கட்டுப்படுத்தும் என்பதை முதலில் பார்க்க வேண்டும். சென்னையிலேயே ராணுவத் தீர்ப்பாயத்தின் கிளை இருக்கிறது.

நமது ஹவில்தாருக்கு விலகிப் பல வருஷம் சென்றபின் வியாதி வந்தது. அதற்காகத் தானே பென்ஷன் கூடிவிடுமென்று அவருக்கு நாம் ஆசை காட்டவில்லை. எனினும் சிகிச்சைக்கு வழி உண்டு. 2003 ஏப்ரல் முதல் நடைபெறும் மாஜி சிப்பாய்களின் வைத்திய உதவித் திட்டம், பென்ஷன் பெறுவோருக்கும் அவர்களைச் சார்ந்தோருக்கும் உரியது. நோய் எப்படி வந்ததென்று அது கேட்பதில்லை. அவர் அதில் அங்கத்தினராயிருந்தும் இதுவரை ஒரு முறையேனும் உபயோகித்ததில்லை! இப்படி எத்தனை பேரோ!

அமெரிக்காவின் அனுபவமும் கவனிக்கத்தக்கது. 1962 முதல் 1971 வரை அத்தேசத்து விமானங்கள் வியட்நாம் காடுகளின்மீது, இலை உதிர்க்கும் 'ஏஜன்ட் ஆரஞ்சு' முதலிய விஷங்களைத் தெளித்தன. அங்கே பணி செய்த சிப்பாய்கள் பலருக்குப் பின்னாளில் நீரிழிவு கண்டது. 2000-ல் பண்டிதர் குழு ஒன்று, இரண்டுக்கும் தொடர்பிருப்பதற்குச் சில அறிகுறிகள் உண்டென்று மட்டுமே கூறிற்று. அவ்வளவையே போதுமானதாகக் கொண்டு, 2001-ல் அந்த ராஜாங்கம் நீரிழிவையும் யுத்தத்தினால் வந்த வியாதிகளின் ஜாபிதாவில் சேர்த்தது. எந்த நாள், எந்த மரத்தடியில் விஷம் பட்டதென்று சிப்பாய் ருஜுப்படுத்த வேண்டியதில்லை. ஆயினும் இதற்கு யுத்த விஷம் நின்றபின் முப்பது வருஷம் சென்றது. அதே விஷம் விழுந்த வயல்களில் உழுத வியட்நாமியக் குடியானவனுக்கோ அந்தச் சட்டம் ஒன்றும் தரவில்லை. நல்லதை ஏற்று, தாமதத்தையும் அநீதியையும் தவிர்ப்பதே விவேகம்.

ஜனங்களாகிய நமக்கும் கடமை உண்டு. விழா நாட்களில் சிப்பாய்க்கு மாலையிட்டு லட்டு வழங்குகிறோம். அந்த லட்டை அவர் மறுத்தால் பரிகாசம் செய்யாதிருப்போமாக. ஒவ்வொரு தாலுகாவிலும் நண்பர்கள் இரண்டு பேர், அங்கம் இழந்த மாஜி சிப்பாய்களின் வீடுகளுக்குச் சென்று, சர்க்கரைப் பரிசோதனை செய்துகொண்டார்களா, வைத்திய அட்டை இருக்கிறதா என்று விசாரித்தால், அது பத்துப் பிரசங்கங்களுக்கு மேலான தொண்டாகும். அட்டை இல்லாதவரை ஜில்லா முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அழைத்துச் செல்லட்டும்.

இதை எழுதிக்கொண்டிருக்கையில் ஹவில்தாரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. "புண் ஆறிவிட்டது. இராத்திரி எட்டு மணிக்குக் கால் பரேடு. கண்ணாடியை என் மனைவி பிடிக்கிறாள், அவள்தான் இப்போது சுபேதார்" என்று எழுதியிருக்கிறார். அவருடைய கேள்விக்கு அவரே விடை கண்டுகொண்டார். மற்றக் காலைக் கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் தினந்தோறும் காவல் காக்க வேண்டும். அந்தக் காவலில் அவரைத் தனியே நிற்க விடாதிருப்பது நம் பொறுப்பு.